உப்புக் காற்றும் உட்பாய்ச்சியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்துக்குச் செல்லும் வீதி, வேலணைத் தீவை ஊடறுத்து, மீண்டும் ஒரு தாம்போதி வழியே கடலைத் தாண்டிப் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கு ஓரத்திலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளமான வழி. அதற்கப்பால் வீதி என்பது கிடையாது. நயினாதீவுக்குச் செல்வோரும் நெடுந்தீவுக்குச் செல்வோரும் அங்கே படகேற வேண்டும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடற்பயணம்; நயினாதீவுக்கு அவ்வளவு இல்லை, கால் மணி நேரம் போதும்.

இவ்வழியில் ஒரு மோட்டார் வண்டி நின்றுபோவதும் நகரத்து வீதியில் நின்றுபோவதும் ஒன்றல்ல. நெடுந்தீவிலிருந்து படகில் கொண்டுவரப்படும் நோயாளியை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டியது இவ்வழியேதான். மாலைப் படகைத் தவறவிட்டவர் மறுநாட் காலைவரை காத்திருக்க வேண்டியவரே. தாம்போதியின் நடுவே நின்ற வண்டிக்கு இருபுறமும் பரவைக் கடல். நிழலுக்கு ஒரு பனை கூட இல்லை. ஆதலின், வண்டியின் பழுதை உடனே சரியாக அறிதல் என்பது தீவகத்தவருக்குப் பணத்தோடு மட்டும் தொடர்புடைய விடயமன்று.

அண்மைக் காலத்தில் இவ்வண்டிகளில் அடிக்கடி காணப்படும் பழுது ஒன்று உண்டு. வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இயந்திரம் நடுங்கத் தொடங்கும். மிதித்தாலும் இழுவை வராது. முன்பலகையில் மஞ்சள் விளக்கொன்று எரியும். ஓட்டுநர் வீதியோரம் நிறுத்தி மூடியைத் திறப்பார். உடனே நாலு பேர் கூடிவிடுவர். “அண்ணை, பிளக்கை மாத்தினாச் சரிவரும்” என்பார் ஒருவர். “இல்லைத் தம்பி, பெற்றோலுக்கை தண்ணி கலந்திருக்கு” என்பார் மற்றொருவர். இரண்டும் நடக்கக்கூடியவையே. ஆனால், சற்று நேரத்தில் நடுக்கம் தானாகவே நின்று, வண்டி மீண்டும் நன்றாக ஓடத் தொடங்கிவிட்டால் இவ்விரு கருத்துகளும் அடிபட்டுப் போகின்றன. தண்ணீர் கலந்த பெற்றோல் தாம்போதியில் ஒருவிதமாகவும் ஊருக்குள் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளாது. வந்து போகும் பழுது பெரும்பாலும் மின்சாரத்தின் பழுதே. இக்கால வண்டிகளில் அது எரிபொருள் உட்பாய்ச்சியின் மின்சுற்றிலே ஒளிந்திருப்பதுண்டு. திருத்துநர் அதனை ‘இன்ஜெக்டர்’ என்றே வழங்குவர்.

முன்னைய தலைமுறைத் திருத்துநருக்கு இத்தொல்லை இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் ஆகிய வண்டிகளிலே பெற்றோலைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்கு ஊட்டியது காபுரேற்றர் என்னும் எளிய கருவி. அதிலே மின்சாரத்துக்கு வேலையே இல்லை. ஒரு குறுகிய தொண்டை. அதனூடே விரையும் காற்று. அக்காற்று தன் உறிஞ்சலால் ஒரு சிறு துளையிலிருந்து பெற்றோலை இழுத்துக்கொள்ளும். அவ்வளவே. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டபோது, இந்த எளிமையே மக்களுக்குக் கைகொடுத்தது. சிறு போத்தலிலே வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. சூடான இயந்திரத்தில் ஒருவாறு ஆவியாகி எரியும். கரும்புகை வந்தது, இயந்திரம் இடித்தது, வால்வுகள் கரி பிடித்தன. ஆயினும் வண்டி ஓடியது. உலகின் வேறெங்கும் கண்காட்சிச் சாலைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள் யாழ்ப்பாணத்தில் நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. இன்றைய வண்டிக்கு மண்ணெண்ணெய் ஊட்டினால் அதன் கணினிப் பெட்டி அதனை ஏற்காது. உட்பாய்ச்சியின் நுண்துளைகள் படிவுகளால் அடைபடும். புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரியும் பழுதாகும். பழைய கெட்டித்தனம் இங்கே செல்லாது. வேறொரு கெட்டித்தனம் வேண்டும்.

இலத்திரனியல் முறையில் பெற்றோலை உட்பாய்ச்சும் ஏற்பாட்டைப் பெருமளவில் முதன்முதல் வெற்றியாக்கியது ஜேர்மனியின் பொஷ் நிறுவனம். 1967 ஆம் ஆண்டில் வொக்ஸ்வாகன் வண்டியொன்றிலே அது பொருத்தப்பட்டு வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனம் இவ்வழியில் முயன்றிருந்தது. அக்காலத்து இலத்திரனியற் பாகங்கள் நம்பத்தக்கனவாக இல்லாமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை. இன்று சிறிய இந்திய வண்டிகளிலிருந்து பெரிய யப்பானிய வண்டிகள் வரை இம்முறையே வழக்கிலுள்ளது.

உட்பாய்ச்சி என்பது யாது? விரலளவான ஓர் உலோகக் குழல். அதனுள்ளே செப்புக் கம்பி சுற்றப்பட்ட வரிச்சுருள் ஒன்று. அதன் நடுவே நுண்துளைகளை அடைத்துக்கொண்டு நிற்கும் ஓர் ஊசி. குழலுக்குப் பின்னால் பெற்றோல் ஏறக்குறைய 3 வளிமண்டல அழுத்தத்தோடு காத்திருக்கும். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தவுடன் அது காந்தமாகி ஊசியைத் தூக்கும்; பெற்றோல் பனித்தூறலாகச் சீறும். மின்னோட்டம் நின்றவுடன் வில்லானது ஊசியை மீண்டும் அமர்த்தும். இயந்திரம் வெறுமனே ஓடுகையில் ஊசி திறந்திருக்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு மாத்திரமே. நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் இயந்திரத்திலே ஒவ்வோர் உட்பாய்ச்சியும் செக்கனுக்கு 25 முறை திறந்து மூடுகின்றது.

இதன் மின்சுற்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் எஞ்சியவை எல்லாம் எளிதாகும். உட்பாய்ச்சிக்கு இரண்டே கம்பிகள். ஒன்று பற்றரியிலிருந்து உருகி, ரிலே ஆகியவற்றைக் கடந்து வருவது. சாவியைத் திருப்பியவுடன் நான்கு உட்பாய்ச்சிகளுக்கும் இந்தப் பொது வழியே மின்சாரம் வந்து நிற்கும். மற்றக் கம்பி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணினிப் பெட்டிக்குச் செல்வது. அப்பெட்டியினுள் இருக்கும் திரான்சிற்றர் அக்கம்பியை வேண்டிய கணத்திலே வண்டியின் உடலோடு, அதாவது புவித்தொடுப்போடு இணைக்கும். அப்போதுதான் சுற்று நிறைவுறும். கணினி மின்சாரத்தைக் கொடுப்பதில்லை. வந்து நிற்கும் மின்சாரத்துக்கு வழிவிடுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாது, கணினி மின்சாரம் அனுப்பவில்லையே என்று அளந்து பார்த்து, நல்ல பெட்டியைக் கழற்றி எறிந்தோரும் உளர்.

இனி, தீவகத்துக் காற்றுக்கு வருவோம். சோளகம் வீசும் மாதங்களிலே தாம்போதிகளின் மேலே உப்புநீர்த் துளிகள் புகைபோலப் பறக்கும். அவை வண்டியின் அடிப்பாகத்திலும் மூடியின் கீழும் படிந்து உலர்ந்து உப்பாகின்றன. உலர்ந்த உப்பு பெருந்தீங்கு செய்வதில்லை. ஆனால், காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டும்போது கறியுப்பானது தானாகவே நீரை உறிஞ்சிக் கரைகின்றது. கடல் சூழ்ந்த தீவில் அந்த அளவு இரவுதோறும் எட்டக்கூடியதே. கரைந்த உப்பு செப்பைத் தின்னும். பித்தளை முனைகளைத் தின்னும். பச்சை நிறக் களிம்பு உண்டாகும். இது போதாதென்று, தீவகத்துக் கிணறுகள் பல உவர்க் கிணறுகள். மழைநீரின் மெல்லிய ஏடொன்றே நிலத்தடியில் நன்னீராக நிற்பது. அந்த உவர்நீரைக் குழாயிலே பாய்ச்சி இயந்திரத்தைக் கழுவுவோர், தூய்மை செய்வதாக எண்ணிக் கேட்டையே ஊட்டுகின்றனர்.

இக்களிம்பு வெளியிலே தெரியுமாயின் கவலையில்லை. கம்பியின் உறைக்குள்ளே அது பரவுவதுதான் சூழ்ச்சி. வண்டியின் கம்பி ஒரே தடித்த கம்பியன்று. மயிர்போன்ற பல இழைகளின் முறுக்கு. திரியிலே எண்ணெய் ஏறுவதுபோல, உறையில் ஓரிடத்தில் உள்ள சிறு கீறல் வழியே நுழைந்த உப்புநீர் அந்த இழைகளுக்கிடையே நெடுந்தூரம் ஊர்ந்து செல்லும். மேலே பார்த்தால் கம்பி புதியதுபோலவே இருக்கும். உள்ளே செப்பு பச்சைப் பொடியாகியிருக்கும். இருபது இழைகளில் ஓரிழை மாத்திரம் எஞ்சியிருப்பினும் சுற்று அறுந்துவிட்டதென்று சொல்ல முடியாது. இயங்குகின்றதென்றும் சொல்ல முடியாது. வண்டி குலுங்கும்போது அது தொடும், விடும். தாம்போதியில் நடுங்கி ஊருக்குள் நன்றாக ஓடும் வண்டியின் இரகசியம் இதுவே.

இனிப் பழுதறியும் முறை. எடுத்துக்காட்டாக, நான்கு உருளைகள் கொண்ட பெற்றோல் வண்டியொன்று குறிகட்டுவானிலிருந்து நடுங்கிக்கொண்டே ஊர்காவற்றுறையிலுள்ள திருத்தகம் ஒன்றை அடைந்ததெனக் கொள்வோம். பழுது வாசிக்கும் கருவியை வண்டியில் இணைத்தவுடன் ‘பி0203’ என்னும் குறியீடு தோன்றுகின்றது. இதன் பொருள், மூன்றாம் உருளையின் உட்பாய்ச்சி மின்சுற்றிலே கோளாறு என்பது. குறியீடு சொல்வது சுற்றைப் பற்றியே. உட்பாய்ச்சி கெட்டுவிட்டதென்று அது சொல்லவில்லை. ஆயினும் இந்த எண்ணைக் கண்டவுடன் புதிய உட்பாய்ச்சி வாங்கி வருமாறு சீட்டெழுதிக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வாகன இறக்குமதி 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி வரை திறக்கப்படாதிருந்த காலத்திலே பழைய வண்டிகளையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியும் இதனோடு சேர்ந்துகொண்டது. அவ்வாண்டுகளில் வீணாக மாற்றப்பட்ட பாகங்களின் செலவு ஏழை ஓட்டுநரின் தலையிலேயே விழுந்தது. குறியீடு ‘பி0303’ ஆக இருப்பின் அது இன்னும் பொதுவானது: மூன்றாம் உருளையில் எரிதல் நிகழவில்லை என்பதே அதன் பொருள். காரணம் தீப்பொறியாகவும் இருக்கலாம், எரிபொருளாகவும் இருக்கலாம். அந்நிலையில் மூன்றாவது உருளையின் தீப்பொறிச் செருகியையும் அதன் சுருளையும் முதலாவதோடு மாற்றிப் பார்த்தால் போதும். குறை இடம்பெயர்ந்து ‘பி0301’ ஆனால் அது தீப்பொறியின் பக்கம்.

முதற் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டா. நீண்ட திருகாணி முடுக்கியொன்றின் நுனியை உட்பாய்ச்சியின் மேல் வைத்து, பிடியைக் காதிலே அழுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டுக் கேட்டல். வைத்தியர் மார்பிலே குழாய் வைத்துக் கேட்பது போன்றதே இது. சுழலும் விசிறியிலும் பட்டியிலும் கையோ துணியோ படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றாம், இரண்டாம், நான்காம் உட்பாய்ச்சிகள் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். மூன்றாவது பேசாதிருக்குமாயின் மின்சாரம் வரவில்லை, அல்லது ஊசி இறுகிவிட்டது. பேசுமாயின், மின்சுற்று ஓரளவு வேலைசெய்கின்றது. அடைப்பை நாட வேண்டும்.

அடுத்து, இயந்திரத்தை நிறுத்தி, இணைப்பியைக் கழற்றி, உட்பாய்ச்சியின் இரு முனைகளுக்கும் இடையே பல்மானியால் தடையை அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது 12 முதல் 17 ஓம் வரை இருக்கும். சில பழைய வகைகளில் 2 முதல் 5 ஓம் வரை. நூலிலே எழுதிய எண்ணைவிட அதன் உடன்பிறப்புகள் மூன்றும் காட்டும் எண்ணே நல்ல சாட்சி. மூன்று 14 ஓமும் ஒன்று முடிவிலியுமாயின் சுருள் அறுந்தது. ஒன்று மட்டும் மிகக் குறைவாயின் சுருளினுள்ளே குறுஞ்சுற்று; அதனை மேலும் ஓடவிடுவது கணினிப் பெட்டியின் திரான்சிற்றருக்குக் கேடு. இங்கே ஒரு நுட்பமும் உண்டு. செப்பின் தடை வெப்பத்தால் கூடும். 20 பாகை வெப்பநிலையில் 14 ஓம் காட்டும் சுருள், 90 பாகையில் 18 ஓமை நெருங்கும். அது பழுதன்று. ஆனால், குளிரில் சரியாக இருந்து சூட்டில் முற்றாக அறுபடும் சுருள்களும் உண்டு. ஆதலின், வந்துபோகும் பழுதுக்கு இவ்வளவை வண்டி சூடாக இருக்கும்போதும் ஒருமுறை எடுத்தல் வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டில் நான்கும் 14 ஓம் காட்டுகின்றன. உட்பாய்ச்சி குற்றமற்றது. இனிக் கம்பிகள்.

திருத்துநர் பலர் இடறிவிழும் இடம் இதுவே. சாவியைத் திருப்பி, மூன்றாம் இணைப்பியின் மின்வழங்கல் முனையிலே பல்மானியை வைக்கின்றனர். 12.4 உவோல்ற்று காட்டுகின்றது. ‘மின்சாரம் வருகிறது; கம்பி நல்லது; கணினிதான் கெட்டது’ என்று முடிவு கட்டுகின்றனர். முடிவு தவறு. நல்ல பல்மானியின் உட்தடை ஏறக்குறைய ஒரு கோடி ஓம். அது கம்பியிலிருந்து மின்னோட்டத்தை எடுப்பதே இல்லையெனலாம். கம்பியினுள்ளே களிம்பினால் 10,000 ஓம் தடை ஏற்பட்டிருந்தாலும் மானி 12.39 உவோல்ற்று காட்டும்! வெறுங்கையோடு நடப்பவனைப் பார்த்து அவன் மூட்டை சுமப்பானா என்று சொல்ல முடியாது. மூட்டையை ஏற்றிப் பார்க்க வேண்டும். 100 ஓம் களிம்புள்ள கம்பியில் 14 ஓம் உட்பாய்ச்சி இணைந்தால், ஒரு அம்பியரை நெருங்கிப் பாய வேண்டிய மின்னோட்டம் அம்பியரின் பத்திலொரு பங்காகக் குறுகும். ஊசி அசையாது.

ஆகவே, மானிக்குப் பதிலாக 5 வாற்றுக் குமிழ் ஒன்றை, வண்டியின் பின்விளக்கிலிருந்து எடுத்ததாயினும், இரு கம்பிகள் பற்றாசு வைத்துப் பயன்படுத்தலாம். ஒரு கம்பியை மின்வழங்கல் முனையிலும் மற்றதைப் பற்றரியின் எதிர் முனையிலும் தொடுக்க வேண்டும். நான்கு இணைப்பிகளிலும் முறையே வைத்துப் பார்த்தால், மூன்றில் குமிழ் ஒளிவிட்டு எரிய ஒன்றில் மங்கினால், அல்லது எரியாதே போனால், பழுது அங்கே. நான்கிலும் எரியாவிடின் உருகியையும் ரிலேயையும் நோக்க வேண்டும். சில ரூபாய்க் குமிழ் ஒன்று பல்லாயிரம் ரூபாய்க் கருவியைவிட உண்மை பேசும் இடம் இது. ஆனால், இக்குமிழைக் கணினிப் பெட்டிக்குச் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பியில் வைத்தலாகாது. பெரிய குமிழ் இழுக்கும் மின்னோட்டம் திரான்சிற்றரை எரித்துவிடக்கூடும். அந்தப் பக்கத்துக்கு ஒளிகாலும் இருவாயியால் ஆன சிறு சோதனை விளக்கு உண்டு. அதனை உட்பாய்ச்சிக்குப் பதிலாக இணைப்பியில் செருகி இயந்திரத்தைச் சுழற்றினால், கணினி வழிவிடும் ஒவ்வொரு முறையும் அது மினுங்கும். மினுங்குமாயின் கணினி வேலை செய்கின்றது. மினுங்காவிடின் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது திரான்சிற்றர் மாண்டிருக்கலாம். பற்றரியைக் கழற்றி, கணினிப் பெட்டியின் இணைப்பியையும் விடுவித்து, அக்கம்பியை இரு முனைகளிலிருந்தும் தனியே சோதித்தால் எது என்பது தெரிந்துவிடும்.

சிறு தடையும் தொல்லை தரும் என்பதை ஓட்டுநர் அறிந்திருப்பது நன்று. இயந்திரம் ஓடும்போது பற்றரியில் 14 உவோல்ற்று இருக்குமானால், 14 ஓம் சுருளில் உச்சமாக ஒரு அம்பியர் பாயும். களிம்பினால் 6 ஓம் மாத்திரம் கூடிவிட்டால் அது 0.7 அம்பியராகும். ஊசி தாமதித்துத் திறக்கும். திறந்திருக்க வேண்டிய நேரமே ஆயிரத்தில் இரண்டு மூன்று செக்கனாக இருக்க, அதிலே பாதி தாமதத்திலேயே கழிந்துவிட்டால் உருளைக்குப் பெற்றோல் போதாது. சுற்று அறுபடாமையால் குறியீடும் தோன்றாமற் போகலாம். இன்னொரு வேடிக்கை: எரியாத உருளையிலிருந்து வெளிவரும் காற்றிலுள்ள ஒட்சிசனைப் புகைக்குழாயின் உணரி கண்டு, ‘பெற்றோல் போதவில்லை’ என்று கணினிக்குக் கூறும். கணினி மற்ற மூன்று உருளைகளுக்கும் மிகையாக ஊட்டும். வண்டி இழுக்காது, எரிபொருளோ கூடுதலாகக் குடிக்கும்.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு, அதுவே ஆபத்தானது. கட்டுப்பாட்டுக் கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் உலோகத்தில் தொட்டுவிட்டால், சாவி திறந்திருக்கும் வரை ஊசியும் திறந்தே நிற்கும். பெற்றோல் உருளையை நிரப்பி, முசலத்தைக் கடந்து கீழே வடிந்து, மசகெண்ணெயோடு கலக்கும். எண்ணெய்க் கோலை எடுத்து முகர்ந்தால் பெற்றோல் மணக்கும். அத்தகைய வண்டியை ஒருமுறை கூடச் சுழற்றிப் பார்க்கலாகாது. தீப்பொறிச் செருகியைக் கழற்றி வடியவிட்டு, எண்ணெயையும் மாற்றிய பின்னரே கம்பியைத் தேட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டிலே மூன்றாம் குமிழ் மங்குகின்றது. கம்பித் தொகுதியைக் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே வரும்போது, இயந்திரத்தின் பின்புறத்து இரும்புப் பட்டையொன்றைக் கடக்கும் இடத்தில் குமிழ் விட்டுவிட்டு ஒளிர்கின்றது. அங்கே சுற்றப்பட்ட நாடாவைப் பிரித்தால், மின்வழங்கல் கிளைபிரியும் பழைய பொருத்தொன்று. உறையைத் திறந்தால் பச்சைப் பொடி.

இவ்விடத்தில் தீவகத்துத் திருத்துநர் கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று கூறற்பாலது. கம்பியில் மின்சாரம் இருக்கின்றதா என்றறிய ஊசிமுனையால் உறையைக் குத்திப் பார்ப்பது எங்கும் வழக்கம். உலர்ந்த ஊரிலே அதனால் பெருந்தீங்கில்லை. கடற்கரையிலோ அந்தச் சிறு துளையே அடுத்த ஆண்டுப் பழுதின் வாயில். இணைப்பியின் பின்புறத்து இறப்பர் வழியே மெல்லிய ஊசியை முனை தொடும் வரை நுழைத்து அளந்துவிட்டு எடுப்பதே நல்ல முறை.

திருத்துகையில் பச்சை படிந்த பகுதியைச் சுரண்டி மீண்டும் முறுக்கிவிடுதல் பயனற்றது. ஒளிரும் செப்பு தோன்றும் வரை இரு புறமும் வெட்டிக்கொண்டே செல்ல வேண்டும். சிலவேளை ஒரு சாண் போகும். வெட்டிய இடத்துக்கு அதே பருமனுள்ள புதுக் கம்பியை இடவேண்டும். வெள்ளீயம் பூசிய இழைகளையுடைய படகுக் கம்பி கிடைக்குமாயின் அதனினும் நல்லது. பொருத்துக்குப் பற்றாசு வைப்போர் குங்கிலியத்தை மாத்திரமே பயன்படுத்த வேண்டும். தகர வேலைக்குரிய அமிலப் பசை பின்னர் தானே செப்பை அரிக்கும். பொருத்தின் மேல் உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாயை மாட்டிச் சூடுகாட்டினால் அது இறுகி நீர் புகாது காக்கும். சாதாரண நாடா இயந்திரச் சூட்டில் இளகி, உப்புநீரை வெளியேற விடாமல் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். இணைப்பியின் இறப்பர் வளையம் வெடித்திருப்பின் அதனையும் மாற்றி, சிலிக்கன் பசையைச் சிறிது தடவ வேண்டும். கம்பித் தொகுதி மீண்டும் அந்த இரும்புப் பட்டையில் உராயாதபடி வேறு வழியாகக் கட்ட வேண்டும். இல்லையேல் வேலை முடிந்ததாகாது.

படகோட்டிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய டீசல் இயந்திரங்களின் உட்பாய்ச்சியில் கம்பியே கிடையாது. பம்பியின் அழுத்தமே ஊசியைத் தூக்கும். ஆகையால் ஒவ்வொரு குழாயின் சுரையையும் சற்றுத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது இயந்திரத்தின் ஓட்டம் மாறவில்லையோ அதுவே கெட்டது என்று கண்டுபிடிப்பர். நல்ல முறையே. ஆனால், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்கும் நாகவிகாரைக்கும் யாத்திரிகரை ஏற்றிவரும் புதிய டீசல் வான்களிலே அதனைச் செய்யலாகாது. அவற்றின் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேல். சுரையைத் தளர்த்தினால் பாயும் டீசல் தோலைத் துளைத்துக் கையினுள் புகும். அவற்றின் உட்பாய்ச்சிக் கம்பிகளிலும் 12 உவோல்ற்று அன்று, பல மடங்கு மேலான அழுத்தம் ஓடுகின்றது. அவற்றை அதற்குரிய கருவியுள்ளோரிடமே விட வேண்டும்.

பொருத்து வேலை முடிந்த பின், குமிழை நான்கு இணைப்பிகளிலும் மீண்டும் வைத்துப் பார்த்து, ஒளி ஒத்திருப்பதை உறுதி செய்து, பழுதுக் குறியீட்டை அழிக்க வேண்டும். பின்னர் வண்டியைத் திருத்தக வாசலில் அல்ல, காற்று வீசும் தாம்போதியின் மேலேயே ஓட்டிச் சோதிக்க வேண்டும். இயந்திரம் நன்கு சூடேறி, ஒருமுறை நின்று, மீண்டும் கிளம்ப வேண்டும். திரும்பி வந்ததும் கருவியை இணைத்துப் பார்க்கையில் குறியீடு எதுவும் தோன்றாவிடின், நான்கு சுருள்களின் தடையையும் அன்றைய திகதியையும் ஒரு துண்டில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு, மறுநாட் காலைப் படகுக்கு வண்டியை அனுப்பலாம்.